கிருபானந்தத்தின் குவியல்

"எங்க கும்பல்ல செத்தவன்கூட கல்லு உடைப்பான், வாத்தியாரே! உசுரோட கீறவன் ஒரு பெட்டி உடைச்சா செத்தவன் ஒண்ணேகால் பெட்டி உடைப்பான். வேணும்னா அளந்து பாருங்க!"

கங்கம்மாள் இப்படிச் சவால் விட்டது தாது வருஷத்துப் பஞ்சத்தின் கடைசியில், மாசி மாதத்து வெயிலில், சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற ரோட்டில், பாகாலாவுக்கு இந்தப் பக்கம் சர்க்கார் போட்டிருந்த கல்லுடைக்கிற முகாமில். விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். முகாமில் இருந்த முந்நூறு பேரில் சிரிக்கிற அளவுக்குக் கன்னத்தில் சதை மிச்சம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அளவுக்காரர் எர்னஸ்டும் சிரித்துவிட்டார். அந்த மனிதரின் பற்களை முகாம் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவருக்குத் தெரியாது. அவர் குனிந்து அளந்துகொண்டிருந்த குவியலுக்குச் சொந்தக்காரன் கிருபானந்தம். அவன் செத்து அன்றைக்கு ஐந்தாம் நாள்.

பெரிய உண்மையை இப்படி நடுவெயிலில் உரக்கச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது கங்கம்மாளுக்குத் தெரியும். நகரியில் சேலை விற்ற காலத்திலேயே கற்றுக்கொண்ட வித்தை அது. மறைக்க வேண்டியதை மூட்டையின் மேலேயே வைத்துக் கட்டுவாள்.

அந்த வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வதானால், ஈக்கள் மெலிந்திருந்தன என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஏரியில் இருந்த மீன்கள் தண்ணீரில்லாமல் வாழக் கற்றுக்கொண்டு கரையேறிக் குப்பம் பக்கமாக நடந்து போயின. பாலசமுத்திரத்துக்கு மேலே ஒரே ஒரு மேகம் வந்தது. கீழே எட்டிப் பார்த்தது. இங்கே நின்றால் நம்மையே பிடித்துத் தின்றுவிடுவார்கள் என்று மேற்கே ஓடிவிட்டது. இவையெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னவை. கூட்டாமல் சொல்வதானால், ரோட்டோரம் படுத்திருக்கிறவன் தூங்குகிறானா செத்துவிட்டானா என்று குனிந்து பார்ப்பதை ஜனங்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

கங்கம்மாள் நகரியிலிருந்து புறப்பட்டபோது அவளோடு புருஷன் தாமோதரன் இருந்தான், மாமியார் இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவள் இருந்தாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசாததை ஈடுகட்டத்தான் மற்ற எல்லாவற்றையும் பத்து மடங்காக்கிப் பேசினாள்போலும். ஏழாம் கும்பலில் முப்பது பேர். கும்பலின் தலைவன் செத்ததும், அடுத்தவன் செத்ததும், வாய் பெரியவள் என்பதற்காக அவளையே தலைவியாக்கினார்கள்.

முகாமின் சட்டம் எளிமையானது. வேலை செய்கிறவனுக்குக் கேழ்வரகு. ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி ஜல்லி, பெண்ணுக்கு முக்கால் பெட்டி. அந்தப் பெட்டிக்கு அடிப்பலகை கிடையாது. சாயங்காலம் அதைத் தரையில் வைத்து, உடைத்த ஜல்லியை அள்ளிப் போட்டு, நிரம்பினால் முழு அளவு கேழ்வரகு, குறைந்தால் பாதி. கும்பலுக்கு உண்டானதை மொத்தமாகத் தலைவி வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள். முழு அளவு ஒரு மனிதனைச் சாகாமல் வைத்திருக்கும். பாதி அளவு அவனை மெதுவாகச் சாகவைக்கும்.

அளக்கிற எர்னஸ்ட் சித்தூரில் மிஷன் காம்பவுண்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். கெட்டவர் இல்லை. பசித்தவனுக்குச் சும்மா போட்டால் அவன் கை மறந்துபோகும், கை மறந்தவன் மனிதனாக எழுந்திருக்கமாட்டான் என்று நெஞ்சார நம்பினவர். தானும் அதே கேழ்வரகைத்தான் தின்றார். ஒரு பொய் சொன்னதில்லை, ஒரு பிடி கூட்டியோ குறைத்தோ அளந்ததில்லை. அதற்காகவே ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தியிருந்தார். அளக்கிற நேரம் வந்ததும் கும்பல் தலைவர்களைத் தவிர ஒவ்வொருவரும் தங்கள் பேருக்குக் கொடுத்திருந்த தகர வில்லையைக் குவியல்மேல் வைத்துவிட்டு, தூரத்தில் இருக்கிற புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும். "முகத்தைப் பார்த்தா மனசு இளகும். மனசு இளகினா அளவு தப்பும்" என்பார். அதனால் அவர் குவியல்களைப் பார்த்தார், வில்லைகளைப் பார்த்தார், முகங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிய பிரயோஜனமில்லை. அந்த முகாமில் எல்லாருக்கும் ஒரே முகமாக ஆகிவிட்டிருந்தது.

கிருபானந்தம் உயிரோடிருந்தபோது ஜில்லாவிலேயே பெரிய சோம்பேறி. நிழல் நகர்ந்தால் நகர்வதற்குச் சோம்பிக்கொண்டு வெயிலிலேயே படுத்திருப்பான். தாடை வலிக்கும் என்று வெற்றிலை போடமாட்டான். ஆனால் சாப்பாடு இருக்கிற இடத்துக்கு இருபது மைல் நடப்பான். திருப்பதியில் உற்சவம் என்றால் கோவிந்தா போட்டுக்கொண்டு பந்தியில் உட்காருவான். சித்தூரில் அறுப்புப் பண்டிகை என்றால் அல்லேலூயா பாடிக்கொண்டு உட்காருவான். இரண்டு இடத்திலும் குரல் நன்றாகவே இருக்கும். அவனுடைய மனைவி லோயிஸ் காம்பவுண்டில் நாலு வீட்டில் நெல் குத்தி அவனுக்குப் போட்டாள்.

மிஷன் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அது மிஷன் கோயிலுக்குப் போகும், கோயிலிலிருந்து ஏழைகளுக்குப் போகும். லோயிஸ் நொய்க் கஞ்சி காய்ச்சின நாளில்கூட அந்தப் பிடியை எடுத்து வைத்தவள். கிருபானந்தம் அந்தப் பானையில் கையை விட்டுப் பச்சை அரிசியாகவே தின்றவன். அதை எர்னஸ்ட் வாத்தியார் கண்டுபிடித்துச் சபையில் சொல்ல, கோயிலில் அப்பம் பிட்டுக் கொடுக்கிற இராப்போஜனத்திலிருந்து அவனை நீக்கிவைத்தார்கள். அதற்கும் அவன் வருத்தப்படவில்லை. அது ரொம்பச் சின்ன துண்டு அப்பம் என்றான்.

முகாமில் அவன் ஒரு நாளும் முழுப் பெட்டி உடைத்ததில்லை. பாதியை உடைத்துவிட்டு ஒரு பாறையின் அடியில் படுத்துக்கொள்வான். நிறைமாதமாக இருந்த லோயிஸ் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து மீதியை உடைத்துச் சேர்ப்பாள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாளும் அப்படித்தான் படுத்தான். சேராத எதையோ தின்று நாலு நாளாக வயிற்றுப்போக்கு வேறு. "பெண்டாட்டி பச்சைப் பிள்ளையோட கீறா, இவன் பாரு ராஜா மாதிரி!" என்று கும்பல் முழுக்க மத்தியானம் பூராவும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் திட்டின திட்டில் அந்தப் பாறையே வெடித்திருக்க வேண்டும். கடைசியில் கங்கம்மாள் பொறுக்கமாட்டாமல் ஒரு ஜல்லியை எடுத்து அவன்மேல் எறிந்தாள். ஜல்லி அவன் கன்னத்தில் பட்டு அப்படியே நின்றது. ஒரு ஈ மட்டும் எழுந்து போயிற்று.

இருட்டுவதற்குள் கல்குழிக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள். லோயிஸ் அழவில்லை. குழந்தையை மார்பில் அழுத்திக்கொண்டு, "என்னை எப்ப அனுப்புவாங்க அக்கா?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. வேலை செய்கிற ஆள் ஒருவன் இருந்தால்தான் பிள்ளை பெற்றவள் முகாமில் இருக்கலாம். ஒரு மாதம் ஆகாமல் அவள் பேருக்கு வில்லை கொடுக்கமாட்டார்கள். ஆள் இல்லை என்றால் பதினெட்டு மைல் நடந்து கஞ்சித் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கே வாந்திபேதி. போனவர்கள் திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. பாதி வழி போய்ச் சேர்ந்தவர்களே குறைவு.

"அவன் செத்தது நம்ம முப்பது பேருக்குத்தானே தெரியும்?" என்றாள் கங்கம்மாள்.

"இருபத்தொன்பது," என்றான் பச்சையப்பன். அவன் நகரியில் அவள் தெருக்காரன், அவளைப்போலவே தறியை விற்றுத் தின்றுவிட்டு வந்த நெசவாளி.

"இருபத்தொன்பதே ஆகட்டும். வாத்தியாரு குவியலைத்தான் பாக்குறாரு. குவியல் இருந்தா அவன் கீறான்."

பச்சையப்பனுக்கு விஷயம் புரிந்ததும் கண் சிவந்துவிட்டது. "உசுரோட இருக்கச்ச ஒரு நாளாவது முழுப் பெட்டி உடைச்சானா அக்கா? செத்தப்புறம் நாம உடைச்சிப் போடணுமா? நல்லாக் கீதே நாயம்!"

"அவனுக்கா போடச் சொல்றேன்? அவளுக்குடா."

"அவளுக்குன்னா அவ பேர்ல போடு. இவன் பேர்ல எதுக்கு? நாளைக்கு இவனும் முழுப் பெட்டிக்காரன்னு ஊர் சொல்லும். நானும் முழுப் பெட்டிக்காரன். நானும் அவனும் ஒண்ணா?"

"நீ உசுரோட கீற, பச்சையப்பா. அந்த வித்தியாசம் போதாதா உனக்கு?"

ஆளுக்கு ஒரு கூடை போடலாம் என்றான் ஒருவன். லோயிஸ்தான் தலையசைத்து மறுத்தாள். "கூடையா வேணாம். நீங்க செத்துப் போயிடுவீங்க. ஒவ்வொரு கூடை நிரம்பும்போதும் ஒரு பிடி எடுத்தா கைக்குத் தெரியாது. வீட்டுல அப்படித்தான் எடுப்போம்."

கங்கம்மாள் கும்பலில் இருந்த ஹிந்துக்களுக்கு அதை வேறு விதமாக விளக்கினாள். "வாய்க்கரிசின்னு நினைச்சிக்கோங்க. அரிசிக்கு எங்க போறது? கல்லு கீது, கல்லைப் போடு."

இப்படியாக ஒரு பாதிக்குப் பிடி அரிசியாகவும் மறு பாதிக்கு வாய்க்கரிசியாகவும், கிருபானந்தத்தின் வில்லை இருந்த இடத்தில் ஜல்லி விழ ஆரம்பித்தது.

விழுந்ததில் ஒரு கோளாறு. பட்டினி கிடக்கிறவன் பக்கத்தில் இருக்கிறவனை நம்பமாட்டான். 'அந்தக் கிழவன் எங்கே போடப்போகிறான், நாம் இரண்டு பிடியாகப் போடுவோம், குறைந்தால் அந்தப் பெண் தொலைந்தாள்' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள். கிழவனும் அப்படியே நினைத்தான். முதல் நாளே பெட்டி நிரம்பி, மேலே கால் பெட்டி மிஞ்சிற்று. கங்கம்மாள் கவனித்தாள். மிஞ்சினதை எடுத்துவிடலாமே என்று கை நீட்டினாள். கை நின்றுவிட்டது. வாய்க்கரிசியைத் திரும்ப எடுத்தவர்கள் உண்டா? செத்தவனுக்கென்று போட்டதைத் தன் குவியலில் சேர்த்துக்கொள்ள முப்பது மைல் சுற்றளவில் ஒருவனும் துணியமாட்டான். குறைத்துப் போடுங்கள் என்று சொன்னால் எல்லாரும் குறைப்பார்கள், அப்புறம் பெட்டி நிரம்பாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

ஐந்தாம் நாள் அவள் அந்தச் சவாலை விட்டபோது எர்னஸ்ட் சிரித்தார் என்று சொன்னோமல்லவா? சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தக் குவியலை அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கங்கம்மா, இவனுக்கு நான் பதினஞ்சு வருஷம் புத்தி சொன்னேன். கேக்கல. சபையே தள்ளி வச்சது, கேக்கல. இந்தப் பெட்டி பதினஞ்சே நாள்ல அவனை மனுஷன் ஆக்கிடுச்சு பாத்தியா? உழைச்சாத்தான் சோறுன்னு ஆனப்புறம்தான் உள்ள இருந்த மனுஷன் எழுந்திருக்கிறான்."

"எழுந்திருக்கிறவனா தெரியல வாத்தியாரே."

"உனக்கு எப்பவும் கேலிதான்."

அந்தச் சந்தோஷத்தில் அவர் துரைக்கு ஒரு காகிதம் எழுதிவிட்டார். துரை பத்து முகாம்களுக்கு மேலதிகாரி. குதிரையில் வருவார், குதிரையிலிருந்து இறங்கமாட்டார். அவருக்குத் தமிழ் தெரியும், தமிழுக்குத்தான் அவரைத் தெரியாது. ஜில்லாவிலேயே பெரிய சோம்பேறி என்று பெயர் வாங்கினவன் இன்று முகாமிலேயே அதிகம் உடைக்கிறான் என்று எர்னஸ்ட் எழுதினதைத் துரை படித்தார். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. சோம்பேறியே ஒண்ணேகால் பெட்டி உடைக்கிறான் என்றால், ஒரு பெட்டி உடைக்கிற மற்றவர்கள் எல்லாரும் வேலையைத் திருடுகிறார்கள்.

எட்டாம் நாள் காலையில் தச்சன் வந்தான். பெட்டியின் நாலு பக்கத்திலும் மேலே ஒரு பலகை வைத்து ஆணி அடித்தான். நாலு விரற்கடை உயரம். அவ்வளவுதான். பத்துக் கும்பலுக்கும் அந்தப் பெட்டிதான்.

கங்கம்மாள் எர்னஸ்டின் முன்னால் போய் நின்றாள். "இது உங்க காயிதத்தால வந்ததா?"

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நான் இதைக் கேக்கல. ஆனா தொரை கேக்குறதுல தப்பு என்ன? கிருபானந்தத்தால முடியுது. உங்களால முடியாதா?"

அவள் திரும்பிப் போய்ச் சம்மட்டியை எடுத்தாள்.

நாலு விரற்கடை என்பது சொல்லுவதற்குச் சின்னது. அன்று சாயங்காலம் முகாமில் பாதிப் பேருக்குப் பெட்டி நிரம்பவில்லை. பாதி அளவு கேழ்வரகு. பாதி அளவு தின்றவன் மறுநாள் இன்னும் குறைவாக உடைத்தான். அதனால் மறுநாளும் பாதி. சம்மட்டிச் சத்தம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போயிற்று. பத்தாம் நாள் மூன்றாம் கும்பலில் இரண்டு பேர் போனார்கள். பதினோராம் நாள் நாலு பேர். ஏழாம் கும்பலில் மட்டும் ஒரு குவியல் நாளுக்கு நாள் நிரம்பி நின்றது. அதுவே மற்ற குவியல்களுக்கெல்லாம் எமனாக நின்றது.

"போதும் அக்கா, நிறுத்திடுங்க," என்றாள் லோயிஸ். "நான் போறேன். பதினெட்டு மைல்தானே?"

"நடப்பியா நீ? எழுந்து நின்னாலே ரத்தம் வருது உனக்கு. இன்னும் நாலு நாள். அப்புறம் பாக்கலாம். வாயை மூடிக்கினு பால் குடு."

பச்சையப்பன் மட்டும் போடுவதை நிறுத்திவிட்டிருப்பான் என்று கங்கம்மாள் நினைத்தாள். ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவன், தன் குவியலிலேயே குறைந்துகொண்டு போகிறவன். அவனை ஓரக்கண்ணால் கவனித்தாள். ஒவ்வொரு கூடையும் நிரம்பினதும் அவன் எழுந்தான். எழுவதற்கு இப்போது இரண்டு கையையும் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. ஒரு பிடி எடுத்தான். செத்தவன் குவியல்வரை தள்ளாடிக்கொண்டு போனான். "துன்னுடா! துன்னு, சோம்பேறி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேல் எறிந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். அடுத்த கூடைக்கும் அப்படியே. முகாமில் அவனைப்போல் திட்டிக்கொண்டே போட்டவனும் இல்லை, அவனைப்போல் ஒரு பிடி தவறாமல் போட்டவனும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவன் வில்லையைக் குவியல்மேல் வைத்தான். மற்றவர்கள் புளியமரத்தடிக்குப் போனார்கள். அவன் போகவில்லை. சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். எர்னஸ்ட் வந்து பெட்டியை வைத்தார், அளந்தார். ஒரு விரற்கடை குறைந்தது.

"பாதி," என்றார். "மரத்தடிக்குப் போ, பச்சையப்பா. இங்க உக்காரக்கூடாது."

பச்சையப்பன் கேட்கவில்லை. இனிமேல் யார் சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

மறுநாள் விடியற்காலையில் கங்கம்மாள் எர்னஸ்டின் கூடாரத்துக்குப் போனாள். அவர் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவள் காத்திருக்கவில்லை.

"நேத்து பச்சையப்பனுக்கு எவ்ளோ குறைஞ்சது?"

"ஒரு விரற்கடை. நான் என்ன செய்யட்டும் கங்கம்மா, அளவு அளவுதானே?"

"அது எங்க போச்சு தெரியுமா? கிருபானந்தம் குவியல்ல கீது. நேத்து மட்டும் பதினோரு பிடி போட்டான். நான் எண்ணினேன்."

"அவன் எதுக்குப் போடணும்? கிருபானந்தத்துக்குத்தான் கை கால் நல்லா இருக்கே?"

"கிருபானந்தம் செத்துப் பதிமூணு நாள் ஆவுது, வாத்தியாரே."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "இது விளையாடுற நேரமா?"

"அன்னைக்கே சொன்னேனே! நடுக் களத்துல நின்னு கத்திச் சொன்னேனே, செத்தவன் உடைக்கிறான்னு. நீங்க சிரிச்சீங்க. அப்புறம் காயிதம் எழுதுனீங்க."

"நான் தினமும் அளந்தேன். என் கையால அளந்தேன். அவன் வில்லை அங்க இருந்தது."

"வில்லை இருந்தது. ஆளை எப்ப பாத்தீங்க?"

எர்னஸ்ட் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் சாம்பலாயிற்று. ஆனாலும் தலையை ஆட்டினார். அவள் கல்குழிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் மேட்டைக் காட்டினாள். "இங்க இப்படிப் பத்து மேடு இருக்கு. யாரோ," என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. அது உண்மையானால், அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே மனந்திரும்புதல் பொய். அது உண்மையானால், அந்தப் பலகை பொய், அதற்குக் கீழே போன ஏழு பேரையும் அவர் காகிதம் கொன்றிருக்கிறது. இத்தனையையும் ஒரு கைம்பெண் விடியற்காலையில் வந்து சொன்னால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

"எப்பவும் பத்து மடங்கு ஏத்திப் பேசுறவ நீ," என்றார். "சரி. இன்னைக்கு ஒருத்தரும் அவன் குவியல்ல ஒரு பிடியும் போடக் கூடாது. அவன் வில்லை மட்டும் அவன் இடத்துல இருக்கட்டும். சாயங்காலம் பாக்கிறேன். இன்னைக்குத் தொரையே வராரு, அவனைப் பாக்கிறதுக்குன்னே வராரு. குவியல் இருந்தா நீ பொய்."

"இல்லேன்னா?"

அவர் முகாமைப் பார்த்து நடந்தார்.

அன்று ஒருவரும் போடவில்லை. போட்டுப் பழகின கைகள் கூடை நிரம்பும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவிட்டுத் திகைத்து நின்றன. கிருபானந்தத்தின் இடத்தில் வெறும் தரையில் தகர வில்லை வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி லோயிஸ் வந்து உட்கார்ந்தாள். குழந்தையைக் கிழிசல் துணிக்கடியில் கிடத்தினாள். பச்சையப்பனின் சம்மட்டியை எடுத்துக்கொண்டு உடைக்க ஆரம்பித்தாள். அவளைத் தடுக்கக் கங்கம்மாள் வாய் திறந்தாள். லோயிஸ் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பத்து அடி அடிப்பாள், குனிந்து மூச்சு வாங்குவாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாள், மறுபடியும் அடிப்பாள். மத்தியானத்தில் அவள் சேலையின் பின்புறம் நனைந்து கருத்திருந்தது. குழந்தை அழுதால் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் அடித்தாள்.

சாயங்காலம் துரை வந்தார். குதிரையின் விலாவில் எலும்பு தெரியவில்லை. முகாமே அதை வெறித்துப் பார்த்தது. அதை எத்தனை பேர் மனசில் சமைத்துத் தின்றார்கள் என்று கணக்கில்லை.

"எங்கே அந்த மனிதன்?" என்றார் துரை. "கிருபானந்தம். அவனுக்கு ஒரு கம்பளி கொண்டுவந்திருக்கிறேன்."

எர்னஸ்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் கும்பலின் இடத்துக்கு நடந்தார். வழக்கம்போல எல்லாரும் புளியமரத்தைப் பார்த்து நகர ஆரம்பித்திருந்தார்கள். அவர் நின்றார்.

"போகாதீங்க," என்றார். "எல்லாரும் அவங்கவங்க குவியல்கிட்டயே நில்லுங்க."

அவர்கள் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்கள். எர்னஸ்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். இருபத்தெட்டு முகங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றார். பச்சையப்பனின் இடத்தில் யாரும் இல்லை. அடுத்த இடத்தில் வெறும் தரையும் வில்லையும். அங்கே அவர் ரொம்ப நேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரு சம்மட்டியை வாங்கி, பெட்டியைக் கவிழ்த்து, மேலே அடித்திருந்த பலகையை ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பெயர்த்துப் போட்டார். குதிரை மிரண்டு பின்வாங்கிற்று.

"என்ன செய்கிறாய்?" என்றார் துரை.

எர்னஸ்ட் பெட்டியை லோயிஸின் பக்கத்தில் வைத்தார். அவள் உடைத்ததை அள்ளி அள்ளிப் போட்டார். முக்காலுக்கு மேல் இரண்டு விரல் வந்தது. குனிந்து வெறும் தரையில் கிடந்த வில்லையை எடுத்தார், துடைத்தார், அவள் குவியல்மேல் வைத்தார்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதனைக் காட்டு என்றார். அவன் ஓடிப்போயிருந்தால் ஓடிப்போனான் என்று சொல், வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றார். ஆனால் அந்த அளவுகள் பொய் என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் உன் வேலையும் போயிற்று, நீயும் இந்த ஜனங்களோடு உட்கார்ந்து கல்லுடைக்க வேண்டியதுதான் என்றார்.

கங்கம்மாள் எர்னஸ்டைப் பார்த்தாள். ஓடிப்போனான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பலகையை மறுபடியும் அடிக்க, துரையோடு வந்திருந்த தச்சன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

எர்னஸ்ட் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஓடிப்போகல, தொரை," என்றார். அது முந்நூறு பேருக்கும் கேட்டது. "அளவும் பொய் இல்ல. நான் நம்பல, இந்த அம்மா சொன்னப்பவும் நம்பல. கிருபானந்தம் செத்துப் பதிமூணு நாள் ஆவுது. நேத்துவரைக்கும் பன்னெண்டு நாள் அவன் கல்லு உடைச்சான். இவங்க கையால உடைச்சான். தினமும் நான்தான் அளந்தேன்."